ஒரு பிள்ளை, பல சட்டங்கள்: இளையோர் மனநலச் சட்டங்களின் சொல்வரையறைகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

ஏற்காட்டில் ஒரு விடுதியின் பதிவேட்டைப் பார்க்க நேர்ந்தது. பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று வாரமாக இரவில் உறங்காமலும், காலையில் சாப்பாட்டு மணி அடித்த பின்னும் கம்பளியை விட்டு வெளியே வராமலும் இருந்திருக்கிறான். அன்றைய தேதிக்கு நேரே ‘மனநோயாளி, வீட்டுக்கு அனுப்பவும்’ என்று நீல மையில் எழுதி, அடியில் இரட்டைக் கோடும் இழுத்திருந்தார்கள். எழுதியவர் பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர்தான்; அவசரத்தில் கைக்கு வந்த சொல்லை எழுதிவிட்டார். அதுவரை அந்தப் பையனை ஒரு மருத்துவரும் பார்த்திருக்கவில்லை. அந்தச் சொல் பிறகு மாற்றுச் சான்றிதழோடு போன கடிதத்திலும் ஏறிக்கொண்டது. மலையிறங்கி வேறு பள்ளியில் மகனைச் சேர்க்க வந்த தகப்பனார், மதிப்பெண்ணைப் பற்றிய கேள்விக்கு முன்பாக அந்தச் சொல்லைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

சேலத்தில் சட்டத் தன்னார்வலராகச் சில ஆண்டுகள் மனு எழுதிக் கொடுத்ததில் இதுபோன்ற தாள்களை நிறையப் பார்த்துவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் ஆசிரியர், விடுதிக் காப்பாளர், பள்ளி ஆலோசகர், சமூகப் பணியாளர் ஆகியோரிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஒரு பிள்ளையைப் பற்றி எந்தச் சொல்லை எழுதுவதற்கு முன்பும், அது எந்தச் சட்டத்தின் சொல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல் மாறினால் போக வேண்டிய அலுவலகம் மாறும், கையெழுத்திட வேண்டியவர் மாறுவார், சில வேளை பிள்ளை இரவில் தங்கும் இடமே மாறும்.

எந்தச் சட்டம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இளையோர் மனநலத்துக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மையத்தில் நிற்கிறது; 1987ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைச் சுற்றி இளைஞர் நீதிச் சட்டம், 2015, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, போக்சோ எனப்படும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012, போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985 ஆகியவை உள்ளன. ஒரே பிள்ளை ஒரே வாரத்தில் இவற்றில் மூன்றுக்குள் வந்துவிடலாம்.

இணையத்தில் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. ‘நடத்தைநலம்’ என்று மனநலத்தையும் போதைப்பழக்கத்தையும் ஒரே குடையின்கீழ் வைத்துப் பேசுவது பெரும்பாலும் அமெரிக்க மாநிலச் சட்டங்களின் வழக்கம். வாஷிங்டன் மாநிலத்தில் பதின்மூன்று வயது நிறைந்தவர் தாமாகவே புறநோயாளிச் சிகிச்சை கேட்டுப் பெறலாம். அதைப் படித்துவிட்டு, ‘பெற்றோருக்குத் தெரிய வேண்டாம், பிள்ளையின் சம்மதமே போதும்’ என்று இங்கே ஓர் ஆலோசகர் உறுதி கொடுத்தால், அந்த உறுதிக்கு நம் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இடமில்லை.

வரையறைப் பிரிவைப் படிக்கும் முறை

சட்டத்தின் இரண்டாம் பிரிவில்தான் வழக்கமாக வரையறைகள் இருக்கும். அதைப் படிக்கும்போது வாக்கியத்தின் வினையைக் கவனியுங்கள். ‘எனப் பொருள்படும்’ என்று முடிந்தால் வேலி அடைக்கப்பட்டுவிட்டது. அதற்கு வெளியே இருப்பது அந்தச் சொல்லில் சேராது. ‘உள்ளடக்கும்’ என்று வந்தால் வேலியில் திட்டிவாசல் உண்டு. சொல்லப்பட்டவை போக, அச்சொல்லின் இயல்பான பொருளில் வருகின்ற மற்றவையும் உள்ளே வரலாம். ‘உள்ளடக்காது’ என்று ஒரு வால் ஒட்டியிருந்தால், பெரும்பாலான வழக்குகள் அந்த வாலில்தான் நிற்கும். பிரிவின் தலையிலுள்ள ‘இடத்தின் தேவை வேறாக இருந்தாலன்றி’ (சொல் வரும் சூழல் வேறு பொருள் கோரினாலன்றி) என்ற தொடரையும் தாண்டிப் போய்விட வேண்டாம். நான் இரண்டாம் பிரிவை நகலெடுத்து, முதல் வகைக்குச் சிவப்பும் இரண்டாம் வகைக்குப் பச்சையும் மூன்றாவதற்குச் சதுரமும் போட்டு வைத்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளை வேலை என்று சிரித்தவர்கள் பிறகு அதை நகலெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வயது

மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மைனர் என்றால் பதினெட்டு வயது நிறையாதவர். இளைஞர் நீதிச் சட்டத்திலும் போக்சோவிலும் குழந்தை என்பவருக்கும் அதே வரம்புதான். ஆனால் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ளவரைத்தான் குழந்தை என்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலோ, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பதினான்குக்கு மேல் பதினெட்டுக்குள் இருப்பவர் ‘வளரிளம் பருவத்தினர்’. தேசிய இளைஞர் கொள்கை, 2014 பதினைந்து முதல் இருபத்தொன்பது வரை உள்ளோரை இளைஞர் என்றது. ஆகவே செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்க்கும் பதினைந்து வயதுப் பையன், தொழிலாளர் ஆய்வாளருக்கு வளரிளம் பருவத்தினர், மருத்துவமனைக்கு மைனர், குழந்தைகள் நலக் குழுவுக்குக் குழந்தை, இளைஞர் கொள்கைக்கு இளைஞர். மனுவில் ‘இளைஞர்’ என்று பொதுவாக எழுதிவைத்தால் படிப்பவர் குழம்புவார். ‘பதினைந்து வயது நான்கு மாதம்’ என்று எழுதிவிடுங்கள்.

வயதை எதைக் கொண்டு நிறுவுவது என்பதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வரிசைப்படுத்தியிருக்கிறது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பொதுத்தேர்வுச் சான்றிதழ் முதலில்; அது இல்லாதபோது மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி வழங்கிய பிறப்புச் சான்று; இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையில் இல்லை. காப்பித் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து வரும் பல பிள்ளைகளிடம் ஆதார் மட்டுமே கையில் இருக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

‘மனநோய்’ என்ற சொல்

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வரையறையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படித்தால்தான் விளங்கும். சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, இடம்-காலம் அறிதல், நினைவு ஆகியவற்றில் ஒன்றில் கணிசமான கோளாறு இருக்க வேண்டும். அந்தக் கோளாறு, முடிவெடுக்கும் திறனையோ நடத்தையையோ நிசத்தை உணரும் ஆற்றலையோ அன்றாட வாழ்வின் சாதாரணத் தேவைகளைச் சமாளிக்கும் திறனையோ கடுமையாகப் பாதித்திருக்க வேண்டும். ‘கணிசமான’, ‘கடுமையாக’ என்ற இரண்டு அடைகளும் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. தேர்வுக்கு முந்தைய நாள் அழுத பிள்ளையையும் வீட்டு நினைவில் சோறு இறங்காத முதல் மாத விடுதி மாணவியையும் வெளியே நிறுத்துபவை அவைதாம். மது, போதை மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்துவதோடு சேர்ந்து வரும் மனநிலைகளும் இந்த வரையறையில் அடங்கும். கடைசியில் இருக்கும் வால், அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை வெளியே தள்ளுகிறது.

அந்த வாலை மறந்தவர்கள்தான் படிப்பில் பின்தங்கிய பிள்ளையையும் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையையும் மனநோய் என்ற சொல்லுக்குள் தள்ளுகிறார்கள். அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிட்ட இருபத்தொரு குறைபாடுகளில் வருபவை. தேர்வில் கூடுதல் நேரமோ சொல்வதை எழுதுபவரோ கேட்க வேண்டுமானால் அந்தச் சட்டத்தின் வழியில் போக வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடும் மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கலாம். அப்போது இரண்டு தாள்கள், இரண்டு வழிகள்.

இனி மூன்றாம் பிரிவு. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. மனநோய் உண்டா என்பதை உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாடு போன்ற ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படிதான் தீர்மானிக்க வேண்டும். சிகிச்சை தொடர்பாகவோ சட்டம் சொல்லும் காரியங்களுக்காகவோ அன்றி எவரும், எந்த அதிகாரியும் ஒருவரை மனநோயாளி என வகைப்படுத்தக் கூடாது. சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, மத நம்பிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதாலும் சாதியோ மதமோ பொருளாதார நிலையோ அரசியலோ காரணமாகவும் அந்த முடிவுக்கு வரக் கூடாது. முன்பு ஒருமுறை சிகிச்சை பெற்றார் என்பது மட்டும் இன்றைய நோய்க்குச் சான்றாகாது. வேறு சாதிப் பையனை விரும்பியதற்காகப் பதினேழு வயது மகளை ‘புத்தி சரியில்லை’ என்று சிகிச்சைக்கு அழைத்துப்போக முனைந்த ஒரு குடும்பத்திடம், இந்தப் பிரிவைத் தமிழில் வரிவரியாக வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

தற்கொலைக்கு முயன்ற மாணவரைப் பற்றி எழுதும்போது இன்னொரு சொல் தேவைப்படும். 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் ‘கடும் மன அழுத்தத்தில்’ இருந்ததாகவே, மாறாக நிறுவப்பட்டாலன்றி, கொள்ளச் சொல்கிறது. பராமரிப்பும் சிகிச்சையும் தருவது அரசின் கடமை என்கிறது. கடும் மன அழுத்தம் என்பதும் மனநோய் என்பதும் இந்தச் சட்டத்தில் வேறு வேறு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவைச் சொல்லி மிரட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பொதுவான குற்றமே இல்லை.

யார் கையெழுத்திடலாம்?

நடைமுறையில் அதிகம் இடறும் இடம் இதுதான். சட்டம் மூன்று பேரைப் பிரித்துப் பார்க்கிறது. ‘பராமரிப்பவர்’ என்பவர் நோயுற்றவரோடு ஒன்றாக வசித்து அவரைக் கவனித்துக்கொள்பவர். உறவினராக இருக்கலாம், கூலிக்கு வந்தவராகவும் இருக்கலாம். ‘சட்டக் காப்பாளர்’ என்பவர் நாம் பேச்சில் கார்டியன் என்பவர்; இந்து குடும்பங்களில் 1956ஆம் ஆண்டு இந்து சிறார், காப்பாளர் சட்டப்படி தந்தையும், அவருக்குப் பின் தாயும். தந்தை உயிரோடு இருந்தும் பொறுப்பேற்காதபோது தாயும் இயற்கைக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் விளக்கியிருக்கிறது. ‘நியமனப் பிரதிநிதி’ என்பவர் சிகிச்சை முடிவுகளில் துணை நிற்பவர். பதினெட்டு நிறைந்தவர் தமக்கு வேண்டியவரை எழுதிக்கொடுத்து நியமிக்கலாம். மைனருக்குச் சட்டக் காப்பாளரே நியமனப் பிரதிநிதி.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் தாய் தகப்பன் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட, ஆத்தாதான் பேரப்பிள்ளையை வளர்ப்பார். நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆத்தா பேத்தியோடு வந்திருந்தார். மடியில் ரேஷன் அட்டை, மருந்துச் சீட்டு எல்லாம் சுருக்குப் பையில் மடித்து வைத்திருந்தார். “பொறந்ததிலிருந்து நான்தானே சாமி வளக்குறேன், என் கைநாட்டு செல்லாதா?” என்று கேட்டார். சட்டத்தின் சொற்களில் அவர் பராமரிப்பவர், உறவினர். சட்டக் காப்பாளர் அல்லர். அவருடைய பேச்சை மருத்துவர் கேட்க வேண்டும், அவர் கூடத் தங்கலாம். உள்நோயாளிச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தில் தாயோ தந்தையோதான் கையெழுத்திட வேண்டும். பெற்றோர் கைவிட்டிருந்தாலோ பிள்ளையின் நன்மைக்கு எதிராக நடந்தாலோ, மனநல வல்லுநரோ பிள்ளையின் நலம் கருதும் வேறொருவரோ மனநல மறுஆய்வு வாரியத்துக்கு விண்ணப்பித்து வேறு நபரை நியமிக்கச் செய்யலாம். அந்த வழியில் ஆத்தாவே நியமனப் பிரதிநிதியாக முடியும். அன்றைக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. தாயோடு தொலைபேசியில் பேசி, மறுநாள் காலைப் பேருந்தில் வரச் செய்தோம். விடுதிக் காப்பாளரைப் பொறுத்தவரை, அவர் சட்டக் காப்பாளராகவோ நியமனப் பிரதிநிதியாகவோ ஆகிவிட மாட்டார். பெற்றோர் கொடுத்த ‘பொறுப்புக் கடிதம்’ அவரைச் சட்டக் காப்பாளராக்காது.

‘மனநல வல்லுநர்’ என்பதும் வரையறுக்கப்பட்ட சொல். மனநல மருத்துவர், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரோடு, சித்த மருத்துவத்தில் சிறப்பு மருத்துவம் என்ற முதுநிலைப் படிப்பு முடித்தவரும் அதில் வருகிறார். குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பு முடித்து ‘கவுன்சலர்’ என்று பலகை வைத்தவர் வர மாட்டார். பள்ளிக்கு அவர் பயன்படலாம். சேர்க்கைக்கான சான்றில் அவர் கையெழுத்துச் செல்லாது.

மருத்துவமனையில் சேர்ப்பது

புறநோயாளியாகக் காட்டுவதற்குப் பெரிய நடைமுறை இல்லை. பிள்ளையை உள்நோயாளியாகச் சேர்ப்பதற்குத்தான் 87ஆம் பிரிவு. நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் ஒரு மனநல வல்லுநரும், அல்லது ஒரு மனநல மருத்துவரும் ஒரு பொது மருத்துவரும், சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ தனித்தனியே பரிசோதித்து, வெளியில் இருந்தபடி தரும் சிகிச்சை பலனளிக்கவில்லை அல்லது பொருந்தாது என்றும், சேர்ப்பதே பிள்ளையின் நன்மைக்கு உகந்தது என்றும் ஒவ்வொருவரும் முடிவு செய்திருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது. நியமனப் பிரதிநிதியோ அவர் அமர்த்தும் துணையாளரோ முழு நேரமும் உடன் இருக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு ஆண் பிரதிநிதியாக இருந்தால் ஒரு பெண் துணையாளரை அமர்த்தியாக வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முப்பது நாட்களைத் தாண்டினால் மீண்டும் தெரிவிக்க, வாரியம் ஏழு நாட்களுக்குள் மறுஆய்வு செய்யும். பிரதிநிதி விடுவிக்கக் கேட்டால் விடுவிக்க வேண்டும். உள்ளே இருக்கும்போதே பதினெட்டு நிறைந்துவிட்டால், அன்றிலிருந்து அவர் தம் விருப்பப்படி தங்கும் சுயேச்சை நோயாளி. தாயின் கையெழுத்து அதற்கு மேல் போதாது. மைனருக்கு மின் அதிர்ச்சிச் சிகிச்சை தடை செய்யப்பட்டது. மிக அவசியம் என்று மனநல மருத்துவர் கருதினால், காப்பாளரின் சம்மதத்தோடு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

‘மனநல நிறுவனம்’ என்ற வரையறை எந்தப் பெயரில் நடந்தாலும், மனநோய் உள்ளவர்களைச் சேர்த்துத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. உறவினரோடோ நண்பரோடோ வாழும் குடும்ப வீடு மட்டும் விலக்கு. பதிவு இல்லாமல் நடத்தக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை அறிந்தவர்களுக்கு இந்த அகன்ற வரையறையின் தேவை புரியும். எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 95ஆம் பிரிவு தடை செய்கிறது.

போதை என்ற பொதுச்சொல்

பஞ்சர் ஒட்டும் பசையை உறிஞ்சும் பதினான்கு வயதுப் பையன்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்படி ‘அடிமையானவர்’ என்றால் போதை மருந்துக்கோ மனமயக்கப் பொருளுக்கோ அடிமைப்பட்டவர். பசை அந்த இரண்டிலும் வராது. ஆகவே தாமாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு 64ஏ பிரிவு தரும் வழக்கு விலக்கு பற்றிய பேச்சே இங்கு எழாது. நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பிலோ ஆவியாகும் கரைப்பான்களால் வரும் கோளாறுகளுக்கு எஃப் 18 என்று தனி எண்ணே இருக்கிறது. மருத்துவமனை வழியைப் பிடியுங்கள். காவல் நிலைய வழி இதற்கு உரியது அன்று. கஞ்சாவோ மாத்திரையோ மதுவோ புகையிலையோ கொடுத்த பெரியவர் இருந்தால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவல் சொல்கிறது.

அதே சட்டத்தின் இன்னும் இரண்டு சொற்கள். கவனிக்க யாருமற்ற, அல்லது கவனிக்கத் தகுதியற்ற பெற்றோரை உடைய, மனநலம் குன்றிய பிள்ளை ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’. குழந்தைகள் நலக் குழுவின் முன் போக வேண்டும். குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளை ‘சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை’. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போக வேண்டும். குற்றம் நடந்த நாளில் இருந்த வயதுதான் கணக்கு.

இரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு. பிள்ளை பாலியல் துன்புறுத்தலைச் சொன்னால், போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி அதை அறிந்தவர் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும், தவறுவது தண்டனைக்குரியது. பேசத் தொடங்கும் முன்பே இதைப் பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது. பாதியில் சொன்னால் ஏமாற்றியதாகவே தோன்றும்.

பதிவேட்டில் என்ன எழுதுவது?

கண்டதை எழுதுங்கள். ‘மூன்று வாரமாக இரவு உறக்கம் இல்லை. காலை உணவைத் தவிர்க்கிறான். நேற்று மாலை தாயிடம் பேசப்பட்டது. மருத்துவரிடம் காட்டத் தாய் இசைவு தெரிவித்தார்.’ இவ்வளவு போதும். பக்கத்தில் நேரமும் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவதாக இருந்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போய்ச் சீட்டுப் போட வேண்டும் என்பதை நினைவில் வைத்து அதிகாலையிலேயே கிளம்புங்கள். பள்ளியின் பிறந்த தேதிச் சான்று, தாய் அல்லது தந்தையின் அடையாள அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் ஆலோசனை தேவைப்பட்டால் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலிமானஸ் எண் 14416. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. சட்ட உதவிக்கு 15100. பதிவேட்டின் முதல் பக்கத்தின் உட்புறத்தில் இந்த மூன்று எண்களையும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். இரவுப் பணியில் இருக்கும் புதியவர் தேட வேண்டியிராது.